லட்சுமி என்று கும்பிட்ட டாலர்

போன மாதம், நான் வேலை பார்த்த நாணய ஏலக் கம்பனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். என்னுடைய நாற்காலியில் இப்போது இருப்பவள். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம். நாணயத்தின் மேல் வைத்து அமுக்கினால் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு செம்பு என்று திரையில் காட்டிவிடுமாம். "இது இல்லாமல் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்தது மரியாதையா, பரிதாபமா என்று யோசித்ததில் நான் பதில் சொல்லப் பிந்திவிட்டேன். அவள் லைன் கட்டாகிவிட்டதென்று வைத்துவிட்டாள். அல்லது அப்படிச் சாட்டுச் சொல்லிக்கொண்டு வைத்துவிட்டாள்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. "கோயிலில ஐயர் திருநீறு தந்தாலும் நீ மணந்து பாத்திட்டுத்தான் பூசுவாய்" என்று என் கணவர் சொல்வார். சில கோயில்களின் திருநீற்றில் முகப்பவுடர் வாசம் வருகிறது. நான் என்ன செய்ய? இந்தக் குணத்துக்கு வீட்டில் திட்டு விழுந்தது, வேலையில் சம்பளம் விழுந்தது. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒல்லாந்து, அங்கிருந்து லண்டன் என்று வந்து சேர்ந்தவள் நான். கம்பனியில் முதலில் பார்சல் பிரித்தேன், பிறகு நாணயத் தட்டுகளை அடுக்கினேன், பிறகு ஏலப் பட்டியலுக்கு நாணயங்களைப் பார்த்து விவரம் எழுதினேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொல்ல வேண்டியது எனக்கு மேலே இருந்த மிஸ்டர் ஹோப்வுட்டைப் பற்றி.

காலையில் வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, குப்பைக் கூடையை முழங்கால்களுக்கு நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு நகம் வெட்டுவது. வெட்ட நகம் இல்லாத நாளிலும் வெட்டுவார். நகம் படாமல் விளிம்பில் மட்டும் பிடித்து, துணி விரித்த தட்டுக்கு மேலே வைத்துத்தான் நாணயத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. பேசினால் எச்சில் துளி தெறிக்கும். அந்த இடத்தில் பல மாதம் கழித்துக் கறுப்புப் புள்ளி வரும். அதனால் அவருடைய அறையில் ஒரு நாணயம் கையில் இருக்கும்வரை எல்லோரும் ஊமைகள்தான்.

முதலில் விளிம்பு, அடுத்தது தராசு. அதற்குப் பிறகு அவர் நாணயத்தைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். நேராக வைத்தால் கண் படத்தைப் பார்த்து மயங்கும், தலைகீழாக வைத்தால்தான் உலோகத்தைப் பார்க்கும் என்பார். சொந்தக்காரர் கதை சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவார். "கதை பிறகு. முதலில் உலோகம்." எல்லாம் முடிந்தபின்னும் போலி என்ற சொல் அவர் வாயில் வராது. "எனக்கு இது பிடிக்கவில்லை" என்பார். அவ்வளவுதான் தீர்ப்பு. ஒருமுறை ஒரு கிழவி, "உன்னை இதைக் கல்யாணம் கட்டச் சொல்லி யார் கேட்டது?" என்று திருப்பிக் கேட்டாள். ஹோப்வுட் எழுந்து நின்று அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

என்னிடம் அவர் ஒப்படைத்தது கீழைநாடுகளில் புழங்கிய வெள்ளி நாணயங்களை. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் வர்த்தக டாலர். சந்தேகக்காரர்களுக்காகவே அடித்த காசு அது. அந்தக் காலத்தில் சீனத்துத் துறைமுகங்களில் மெக்சிக்கோ வெள்ளிக்குத்தான் மதிப்பு. அமெரிக்கச் சுரங்கங்களிலோ வெள்ளி குவிந்து கிடந்தது. அதைச் சீனத்துக்கு அனுப்பவென்று 1873இல் இந்த டாலரை அடிக்கத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் பஞ்சுப் பொதியின் மேல் ஒரு பெண் உட்கார்ந்து கடலைப் பார்த்து ஒலிவக் கிளையை நீட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் கோதுமைக் கதிர்க்கட்டு. மற்றப் பக்கம் கழுகு. கழுகுக்குக் கீழே, சீன வியாபாரி நம்பமாட்டான் என்று தெரிந்து, எடை 420 கிரெயின், ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி என்று காசின் உடம்பிலேயே எழுதிவிட்டார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சீன வியாபாரி அதையும் நம்பவில்லை. வாங்கியவன் ஒவ்வொருவனும் சோதித்துப் பார்த்துத் தன் முத்திரையை அதன் மேல் குத்தினான். இந்தக் குத்து இருந்தால் சேகரிப்பவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படியான காசுதான் பிடிக்கும். ஒவ்வொரு குத்தும் என்னைப் போல ஒரு ஆள் சந்தேகப்பட்ட இடம்.

பிறந்த நாட்டிலும் அதற்கு மரியாதை நிலைக்கவில்லை. வெள்ளி விலை விழுந்ததும், உள்நாட்டில் இது செல்லாது என்று சட்டம் போட்டார்கள். பிறகு வியாபாரத்துக்கு அடிப்பதையும் நிறுத்தி, சேகரிப்பவர்களுக்காக மட்டும் கொஞ்சம் அடித்தார்கள். 1884, 1885 என்று ஆண்டு பதித்த சில காசுகள் இருக்கின்றன. அவற்றை அடித்ததாக நாணயசாலைக் கணக்கில் இல்லை. பல வருடம் கழித்துத்தான் வெளியே தலை காட்டின. யாருக்காக யார் அடித்தார்கள் என்பதில் எனக்கு ஒரு ஊகம் உண்டு. சொல்லமாட்டேன்.

இடையில் அச்சையும் மாற்றினார்கள். ஆரம்பகால அச்சில், ஒலிவக் கிளையைப் பற்றியிருக்கும் கழுகின் நகத்துக்குக் கீழே ஒரு சின்னப் பழம் இருக்கும். பிந்திய அச்சில் அது இல்லை. போலி செய்கிறவன் கையில் அகப்பட்ட காசைப் பார்த்துச் செய்வான். ஆண்டை ஒன்றில் எடுப்பான், கழுகை இன்னொன்றில் எடுப்பான். பழத்தை நினைக்கமாட்டான். ஒரு கனவான், பாட்டனார் சீனத்திலிருந்து கொண்டு வந்தது என்று ஒரு பெட்டி நிறையக் குத்துப் பட்ட டாலர்களைக் கொண்டு வந்தார். எல்லாவற்றிலும் ஒரே குத்து, ஒரே இடத்தில் ஒரே கீறல். ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் தழும்பு இருக்குமா? ஹோப்வுட்டுக்கு அது பிடிக்கவில்லை. கனவானுக்கு எங்களைப் பிடிக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலை கவுன்டரில் ஒரு அண்ணனும் தங்கையும் நின்றார்கள். அண்ணன் சிவநேசன், வட லண்டனில் எட்மண்டனில் கடை வைத்திருப்பவர். தங்கை மலர், ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் ஷிப்ட் செய்பவள். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கக்கூடிய இடைவெளி இருந்தது.

"நீங்கள் தமிழோ?" என்றார் சிவநேசன். தலையாட்டினேன். "எந்த ஊர்?"

"லண்டன்" என்றேன். ஊர் சொன்னால் அடுத்தது எந்தப் பகுதி, ஆருடைய மகள் என்று போகும். கடைசியில் நான் தங்கையின் புருஷன் பக்கத்துக்கு ஏதோ முறையாகிவிடுவேன்.

அவர் சிவப்புப் பட்டுத் துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு வர்த்தக டாலர். "என்ர அப்பாவின்ர தாத்தா மலாயாவில றெயில்வே கிளாக். பென்சன் எடுத்து வரேக்க கொண்டு வந்தது. இது எங்கட வீட்டு லட்சுமி" என்றார்.

நான் துணியில் கிடந்த காசைப் பார்த்தேன். ஆசனத்தில் ஒரு பெண், எதிரே கடல், பின்னால் கதிர்க்கட்டு, நீட்டிய கையில் ஏதோ இலையும் மொட்டுமாக. பாற்கடலில் பிறந்தவளை எங்கள் ஆட்கள் இதில் கண்டதில் ஆச்சரியமே இல்லை. இத்தனை வருடம் பார்த்த எனக்கு அது தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமைதோறும் பூ வைத்து, நெற்றியில் பொட்டு வைத்துக் கும்பிட்ட காசு. சண்டைக்காலத்தில் ஊரைவிட்டு ஓடும்போது அவர்களுடைய தகப்பன் வேறொன்றும் எடுக்கவில்லையாம். இதை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாராம். லண்டன் வந்து கடைசிக் காலத்தில் அவர் மலரின் வீட்டில் இருந்தார். அவர் செத்து முப்பத்தோராம் நாள் சடங்கில் சிவநேசன் காசைப் பார்த்திருக்கிறார். அது வேறு காசாக இருந்தது.

"சின்னனில இருந்து கும்பிட்ட முகம் எனக்குத் தெரியாதோ? இது அந்த முகம் இல்லை. இவள் அதை வித்துப்போட்டு வேறை ஒண்டை வைச்சிட்டாள். சனம் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். உங்களிட்ட நான் கேக்கிறது ஒண்டுதான். இது உண்மையான காசோ, இல்லையோ?"

மலர் ஒன்றுதான் சொன்னாள். "நான் மாத்தேல்லை."

ஹோப்வுட் அவர்களைத் தன் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார். வழக்கம்போல எல்லோரும் ஊமையானோம். விளிம்பைப் பார்த்தார். தராசில் வைத்தார்; காசின் உடம்பில் எழுதியிருந்த எடைகூட அதற்கு இல்லை. தலைகீழாகத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஆண்டு 1874. கழுகின் நகத்துக்குக் கீழே பழம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பெண்ணின் முகத்திலும் முழங்காலிலும் புத்தம் புதிய வெள்ளி முலாம். சீனக் குத்துகளும் இருந்தன. ஆனால் அவையும் ஒரே ஆளின் கைவரிசை. செய்தவன் காசோடு சேர்த்து மற்றவர்களின் சந்தேகத்தையும் போலியாகச் செய்திருந்தான்.

"எனக்கு இது பிடிக்கவில்லை" என்றார் ஹோப்வுட்.

"என்னவாம்?" என்றார் சிவநேசன்.

"பொய்க்காசு" என்றேன்.

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "கேட்டியோ?"

நான் மலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கள் வீட்டுக் காசு பொய் என்று கேட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். கோபப்படுவார்கள், சிரிப்பார்கள், தராசு பிழை என்பார்கள். மலர் திடுக்கிடவே இல்லை. பட்டுத் துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். இவளுக்கு முதலே தெரியும் என்று எனக்குப் பட்டது. முதலே தெரியுமென்றால் இவள்தான் மாற்றியிருக்க வேண்டும். சிவநேசன் சொல்வது சரி என்றே நினைத்தேன்.

எழுத்தில் அறிக்கை தர ஒரு வாரம் ஆகும், காசை விட்டுவிட்டுப் போங்கள் என்றோம். சிவநேசன் போனை எடுத்து முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு எல்லாம் படம் பிடித்தார்.

"நாங்கள் மாத்திப்போடுவம் எண்டு பயமோ?" என்றேன்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. இந்தக் காலத்தில ஆரை நம்பிறது?"

"ஒருத்தரையும் நம்பாதேங்கோ" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த ஆளை எனக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

அவர்கள் போனபிறகு ஹோப்வுட் காசைப் பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்தார். பெண்ணின் முகத்தில் பட்ட ஒரு குத்தின் அடியில் ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். நகைக்கடைக்காரர்கள் மினுக்கப் பயன்படுத்தும் சிவப்புத் தூளாக இருக்கும் என்றார். நான் ஊசி முனையால் ஒரு துணுக்கைக் கிளறி எடுத்தேன். அதன் கீழே வெள்ளி இல்லை, வெறும் பித்தளை. அதாவது சிவப்பு முதலில் வந்திருக்கிறது, முலாம் பிறகுதான் வந்திருக்கிறது. அந்தத் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கிய சிப்ஸோடு வந்த வினிகரில் ஒரு சொட்டு விட்டேன். சிவப்பு மஞ்சளானது.

"மினுக்கும் தூள் மஞ்சளாகாது" என்றார் ஹோப்வுட்.

"குங்குமம் ஆகும்" என்றேன். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்தால் குங்குமம். புளிப்புப் பட்டால் திரும்பவும் மஞ்சள். முலாம் பூசுவதற்கு முன்பே இந்தப் பித்தளைக்கு யாரோ பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

ஹோப்வுட் நாற்காலியில் சாய்ந்தார். "இப்போது கதையைக் கேட்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். நான் அறிக்கையைக் கொடுக்காமல் சிவநேசனிடம், "உங்கட பழைய லட்சுமியின்ர முகம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

அவருடைய குரல் இளகிவிட்டது. "பொன் மாதிரி அக்கா. காசு முழுக்க வெள்ளி, முகம் மட்டும் பொன். மஞ்சள் பூசிக் குளிச்ச முகம் எண்டு அப்பா சொல்லுவார். வருசம் போகப் போக மஞ்சள் கூடிக்கொண்டு வந்தது. அதைப் பாக்கவே ஆக்கள் வீட்டுக்கு வருவினம். இதைப் பாருங்கோ, வெளிறின முகம். இது எங்கட லட்சுமியோ?"

வெள்ளிக் காசை எத்தனை தலைமுறை தேய்த்தாலும் உள்ளே இருப்பதும் வெள்ளிதான். முகம் பொன்னானதென்றால், பொட்டு வைத்த விரல்கள் பழைய முலாமைத் தேய்த்துத் தேய்த்துப் பித்தளையை வெளியே கொண்டு வந்திருக்கின்றன. பொய்க்காசுக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? தங்கையைக் கள்ளி என்று நிரூபிக்க வந்தவர் தன் வாயாலேயே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்வது இன்னதென்று தெரியாமல்.

அவரை இருக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடும் சிறு அறைக்கு மலரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"முலாம் எங்க பூசினீங்கள்?"

"சவுத்தாலில, ஒரு நகைக்கடையில" என்றாள். "அப்பா செத்த பிறகு முகம் பச்சை பிடிக்கத் தொடங்கிச்சுது. கழுவித் தாங்கோ எண்டு குடுத்தன். அவன் உரசிப் பாத்திட்டுப் பித்தளை எண்டு சொன்னான். நான் அதில நிண்டு அழுதனான். பிறகு, பரவாயில்லை, வெள்ளியைப் பூசித் தாங்கோ எண்டன்."

"அண்ணைக்கு ஏன் சொல்லேல்லை?"

"அப்பா இடுப்பில கட்டிக்கொண்டு வந்தது பித்தளை எண்டு எப்பிடியக்கா சொல்லுறது? அண்ணை அந்த முகத்தை நினைச்சுக் கும்பிடாமல் கடை திறக்கமாட்டார். நான் கள்ளி எண்டே இருந்திட்டுப் போறன். நீங்கள் பொய்க்காசு எண்டதோட நிப்பாட்டுங்கோ. மிச்சத்தைச் சொல்லாதேங்கோ."

என் புத்தி அப்போதும் ஒரு கணம் பின்வாங்கியது. இதுவும் ஒரு கதையாக இருக்குமோ என்றது. ஆனால் பித்தளையின் மேல் இருந்த குங்குமத்தையும் அண்ணன் வாயிலிருந்து வந்த பொன் முகத்தையும் அவளால் செய்திருக்க முடியாது. சந்தேகப்பட இனி ஒன்றும் மிஞ்சவில்லை. என் வேலைக்காலத்தில் அப்படி நடந்தது குறைவு. எனக்கு அவள் மேல் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"உங்களைக் கள்ளியாக்கிற தாளில நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றேன்.

திரும்பி வந்து சிவநேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழத்தைக் காட்டினேன், சிவப்பைக் காட்டினேன், மற்றக் குத்து ஒன்றிலிருந்து இன்னொரு துணுக்கெடுத்து அவர் கண்முன்னால் வினிகர் விட்டுக் காட்டினேன். "அதே காசுதான். ஒருத்தரும் மாத்தேல்லை. மலாயாவில இருந்து வரேக்கயே இது பித்தளை" என்றேன். ஹோப்வுட் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் விளங்காவிட்டாலும் அவர் எழுந்து போகவில்லை.

சிவநேசன் அந்த மஞ்சள் சொட்டையே பார்த்தார். "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரிஞ்சிருக்காது" என்றேன். எனக்கு அது தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

"சனம் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், என்ர தங்கச்சி லட்சுமியைக் களவெடுத்தவள் எண்டு." அவர் மலரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துப் பேசினார். "இவளில பிழை இல்லை எண்டு சொல்லுறதெண்டால் மற்றதையும் சொல்ல வேணும். எப்பிடிச் சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ அண்ணை" என்றாள் மலர். "நாள் போக மறந்திடுவினம்."

மறக்கமாட்டார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும். அவர் காசைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நடந்ததை நான் விளக்கியதும், அவர் சனத்துக்கு உண்மையைச் சொல்லுவாரா என்று ஹோப்வுட் கேட்டார். சொல்லமாட்டார் என்றேன். ஒரு பெண்ணின் பெயரை விட ஒரு வீட்டின் பெருமை எங்கள் ஆட்களுக்குப் பெரிது; முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு காசு எந்த மூலைக்கு என்று நினைத்தேன்.

தகப்பனின் முதல் வருடத் திவசத்துக்கு மலர் என்னைக் கூப்பிட்டாள். எட்மண்டனில் சிவநேசன் வீட்டில். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே போனேன். சாமி அறையில் தகப்பனின் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் காசு பொட்டோடு இருந்தது. சரி, மூடி மறைத்தாயிற்று என்று நினைத்தேன்.

வரவேற்பறையில் நிலத்தில் விரித்து, வரிசையாக இலை போட்டிருந்தார்கள். மலர்தான் பரிமாறினாள். அவள் சோற்றோடு கிட்ட வந்தபோது எனக்கு எதிரே இருந்த ஒரு பெண், தன் கைப்பையை எடுத்து மற்றப் பக்கம் வைத்தாள். பேச்சை நிறுத்தாமல், அவளைப் பார்க்காமல் வைத்தாள். மலர் அதைக் கண்டாள். கண்டும் அந்த இலைக்கும் போட்டாள்.

சிவநேசன் அதைக் கண்டாரா என்று எனக்குத் தெரியாது. வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். எல்லோரும் தேவாரம் பாடப் போகிறார் என்று நினைத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"உள்ளுக்க இருக்கிற எங்கட லட்சுமி பித்தளை" என்றார். "அப்பாவின்ர தாத்தா கொண்டு வரேக்கயே பித்தளை. அதை மறைக்கத்தான் தங்கச்சி வாய் திறக்காமல் இருந்தவள். அவள் கள்ளியில்லை. நான்தான் பொய் சொன்னனான். இனிச் சாப்பிடுங்கோ."

ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. அவர் உட்கார்ந்தார். அவருடைய இலை இன்னும் வெறுமையாக இருந்தது.

"எனக்குப் போடு பிள்ளை" என்றார்.

மலர் போய்ப் போட்டாள். பாதிச் சோறு இலைக்கு வெளியே விழுந்தது. அவர் அதையும் கூட்டி அள்ளிச் சாப்பிட்டார்.